ஆட்டுப்பட்டிக் கூரையில் என் மகள்

இட்லி வேண்டாம், தோசைதான் வேண்டும் என்று அன்று காலை என் மகள் அடம்பிடித்தாள். ஏழு வயது. பள்ளிக்கூடம் லீவு என்று வயலோரம் விளையாடப் போனவளைப் பாம்பு தீண்டியது. பொழுது சாய்வதற்குள் அவள் இல்லை. அவள் சாப்பிட்ட தட்டு கழுவாமல் அப்படியே கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அழவில்லை.

எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைகள் செத்தால் புதைப்பதோடு சரி. காரியம் கிடையாது. வீட்டில் படமும் மாட்டுவதில்லை. "படத்தப் பாத்துக்கிட்டே இருந்தா நீ தேற மாட்டம்மா" என்று என் கணவரின் அண்ணன் சொல்லிவிட்டார். செல்போனில் இருக்கிறாள்தான். ஆனால் நாலு பேர் பார்க்கும்படி அவள் ஓரிடத்தில் இருக்கவேண்டும் என்று எனக்கு இருந்தது.

அதைச் செய்தவர்கள் தெருப் பையன்கள். அதியமான்கோட்டை பஸ் ஸ்டாப்பில் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் கட்டினார்கள். மஞ்சள் கவுன், முன்பல் விழுந்த சிரிப்பு. தலைக்கு மேலே, 'எங்களை வழிநடத்திய ஆலமரம் சாய்ந்ததே' என்று கொட்டை எழுத்து. கிழவர்களுக்குப் போடும் வரியை மாற்ற ஃபிளெக்ஸ் கடைக்காரருக்குத் தோன்றவில்லை. என் பிள்ளை யாரை வழிநடத்தினாள்? வந்த ஆத்திரத்துக்குக் கிழித்தே போட்டிருப்பேன். முகத்தைப் பார்த்ததும் கை எழவில்லை. அப்புறம் வேலைக்குப் போகும்போதெல்லாம் அங்கே ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுத்தான் போவேன்.

ஒரு நாள் காலை வெறும் கம்புகள் மட்டும் நின்றன. யாரைக் கேட்டாலும் தெரியவில்லை என்றார்கள். மறுபடியும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள் என்றுதான் பட்டது.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம், நல்லம்பள்ளியிலிருந்து வேலை முடிந்து வரும்போது மழை பிடித்துக்கொண்டது. ரோட்டோரம் ஒரு ஆட்டுப்பட்டி. "நனையாதீங்க, உள்ள வாங்கக்கா" என்று அங்கிருந்த பெண் கூப்பிட்டாள். குனிந்து நுழைந்து, தலையைத் துடைத்தபடி நிமிர்ந்தேன்.

மேலே என் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கூரைக் கம்பைப் பிடித்துக்கொண்டேன்.

நான் படத்தையே பார்ப்பதைக் கண்டு அந்தப் பெண்ணாகவே சொன்னாள். "காத்துல பிச்சிக்கிட்டு ரோட்டுல கெடந்துச்சிங்க. வண்டிங்க மேல ஏறப் பாத்துச்சி. மனசு கேக்கல, எடுத்தாந்துட்டேன். ஆரு பெத்த புள்ளையோ, மொகத்துல மழ படக் கூடாதுன்னு உள்பக்கமாத் திருப்பிக் கட்டனேன்."

ஆலமரத்து வரி இருந்த பக்கத்தை மடித்துத் தைத்திருந்தாள். "சின்னப் புள்ளைக்கு அதெல்லாம் என்னாத்துக்குங்க" என்றாள்.

"என் பொண்ணுங்க."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கொட்டுகிற மழையில் கயிற்று முடிச்சை அவிழ்க்கப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

"அவுக்காதீங்க. இங்கியே இருக்கட்டும்" என்றேன். "நாளைக்கும் வந்து பாக்கட்டுங்களா?"