மெதுவான ஈரல்

யுத்தம் நடந்துகொண்டிருந்த நாட்களில் எனக்குக் காசநோய் வந்தது. அப்போது திருகோணமலையில் ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு விலங்கியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வீடு லிங்கநகரில். சளியில் கிருமி இருப்பது தெரிந்ததும் நெஞ்சு கிளினிக்கில் குளிசைகள் தந்தார்கள். அவற்றில் முக்கியமானது ஐசோனியசிட். காய்ச்சல் விட்டது, இருமல் குறைந்தது, சோறு இறங்கத் தொடங்கியது. ஆனால் சில வாரங்களில் கால் விரல்களில் எறும்பு ஊர்வதுபோல ஒரு குறுகுறுப்பு. பிறகு அது எரிச்சலாகி உள்ளங்கால் முழுக்கப் பரவியது. போர்வை பட்டால்கூடத் தாங்க முடியவில்லை.

கிளினிக்கில் இருந்த டொக்டரிடம் சொன்னேன்.

"கால் எரியுது டொக்டர். குளிசை தொடங்கின பிறகுதான்."

அவர் என் காலைப் பார்க்கவில்லை. "ரீச்சர், இந்த ஊரில இப்ப எல்லாருக்கும் நரம்புத் தளர்ச்சிதான். வெடிச்சத்தம் கேட்டுக் கேட்டுப் பயந்துபோய் இருக்கிறியள். நல்லா நித்திரை கொள்ளுங்கோ."

"பயத்தில கால் மட்டும் ஏன் எரிய வேணும்?"

"குளிசையை மட்டும் நிப்பாட்டிப் போடாதேங்கோ," என்றவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பயம் என்னவென்று எனக்கா தெரியாது? இராணுவச் சுற்றிவளைப்புகளில் வெயிலில் குந்தியிருந்தவள் நான். பயம் வந்தால் நெஞ்சு அடிக்கும், வாய் உலரும். கால்விரலில் போய்க் குடியிருக்கிற பயத்தை நான் கண்டதில்லை.

அடுத்து வந்தது மரத்துப்போதல். ஒரு மத்தியானம் பாடசாலை விட்டுக் கணவரின் சைக்கிளில் வரும்போது சந்திச் சோதனைச் சாவடியில் இறங்கி நடந்தேன். பின்னால் கணவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். ஒரு சிப்பாய் சிங்களத்தில் ஏதோ கத்தினான். என்னையென்று நான் நினைக்கவில்லை. மீண்டும் கத்தினான், அவன் கையிலிருந்த துவக்கு என் பக்கம் நிமிர்ந்தது.

"நில்லும்! அசையாதையும்!" என்று கணவர் அலறினார்.

திரும்பிப் பார்த்தேன். தார் வீதியின் நடுவில் என் செருப்பு ஒன்று கிடந்தது. கழன்றது எனக்குத் தெரியவே இல்லை. நான் எதையோ போட்டுவிட்டுப் போகிறேன் என்று சிப்பாய் நினைத்திருக்கிறான். போய் எடுத்து, உதறி, இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டவைத்தான். பிறகு சிரித்தான். வீட்டுக்கு வந்து பார்த்தால் தார்ச் சூட்டில் உள்ளங்கால் கொப்பளித்திருந்தது. கணவர் எண்ணெய் பூசிவிட்டார்.

அடுத்த கிளினிக் நாளில் காத்திருக்கும் வாங்கில் என் பக்கத்தில் கிண்ணியாவில் இருந்து வந்த ஒரு முஸ்லிம் பெண் இருந்தார். வீடு வீடாகச் சீலை விற்பவர், எல்லோருக்கும் ‘ராத்தா’, அதாவது அக்கா. செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத்துணியைக் காலில் சுற்றியிருந்தார். நான் அதைப் பார்ப்பதைக் கண்டுவிட்டார்.

"ஒங்களுக்கும் காலு எரியுதா புள்ள?"

"ஓம் ராத்தா. உங்களுக்கு டொக்டர் என்ன சொன்னவர்?"

"சீனி வருத்தம் எண்டாரு. சோதிச்சா சீனி இல்ல. பொறகு வெத்திலயக் குறைக்கச் சொன்னாரு."

எதிரில் இருந்த, என்னை அறிந்த கப்பல்துறைக் கிராமத்துக்காரர் ஒருவர் இதைக் கேட்டு நிமிர்ந்தார். "எனக்குக் குடியை விடச் சொன்னவர். நான் குடிக்கிறதே இல்லை, ரீச்சர்."

ஒரே குளிசை, ஒரே எரிச்சல். ஒருவருக்குப் பயம், ஒருவருக்கு வெற்றிலை, ஒருவருக்குச் சாராயம். எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. "எழும்புங்கோ, மூண்டு பேரும் ஒண்டாப் போவம்," என்றேன். வாசலில் நின்ற பணியாளர் ஒவ்வொருவராக வரச் சொன்னார். "ஏலாது, ஒண்டாத்தான் போவம்," என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டோம்.

அன்றைக்கு அந்த டொக்டர் லீவு. தெற்கிலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு சிங்களப் பெண் டொக்டர் இருந்தார். எங்கள் கால்களைத் தன் கையால் பிடித்துப் பார்த்தார், ஊசியால் தொட்டுப் பார்த்தார். "அக்கா, பி-சிக்ஸ் விற்றமின் தரவில்லையா?" என்று தட்டுத்தடுமாறித் தமிழில் கேட்டார். மூவரும் இல்லையென்று தலையாட்டினோம். அவர் முகம் மாறிவிட்டது.

அவர் ஆங்கிலத்தில் விளக்கியது இதுதான். ஈரலில் அசற்றைல் ட்ரான்ஸ்பரேஸ் என்றொரு நொதியம் உண்டு. அசற்றைல் என்ற சிறு அணுக்கூட்டத்தை எடுத்து ஐசோனியசிட்டில் ஒட்டிவிடுவது அதன் வேலை. ஒட்டியதும் மருந்தின் வீரியம் போய், சிறுநீரோடு கழிந்துவிடும். சிலருக்குப் பிறப்பிலேயே இந்த நொதியம் மெதுவானது. எங்கள் பக்கத்து மக்களில் அப்படியானவர்கள் நிறையப் பேர். அவர்களுடைய இரத்தத்தில் மருந்து நெடுநேரம் தங்கி, உடம்பில் உள்ள பி-சிக்ஸைப் பிடித்து வெளியேற்றிவிடுகிறது. அந்த விற்றமின் இல்லாமல் நரம்பு வாடுகிறது. மிக நீண்ட நரம்பு காலுக்குப் போவது, அதனால் முதலில் கால். கூடவே அந்த விற்றமினைக் கொடுத்தால் இதெல்லாம் வராது.

அசற்றைல் ஒட்டும் இதே குடும்பத்து நொதியம் ஒன்றை நானே வருடக்கணக்காகப் படிப்பித்திருக்கிறேன். நரம்பு முனையில் கோலினோடு அசற்றைலை ஒட்டி, தசைக்குச் செய்தி சொல்லும் அசற்றைல்கோலினை ஆக்குவது அது. மரபணு இழை சுற்றியிருக்கும் புரதத்திலும் இந்தக் குடும்பத்து வேறு நொதியங்கள் அசற்றைலை ஒட்டி, இறுக்கத்தைத் தளர்த்தி, மரபணுவை வாசிக்க வழிவிடுகின்றன என்று பிற்காலத்தில் வாசித்தேன். இத்தனை வேலை செய்கிற குடும்பத்தில் ஒன்றின் மெத்தனத்துக்கு எங்களைக் கோழை என்றும் குடிகாரர் என்றும் சொன்னார்கள்.

மருந்து கொடுக்கும் யன்னலில் விற்றமினைப் பற்றிக் கேட்டேன்.

"அலுமாரியில கிடக்குது, ரீச்சர். மெலிஞ்சவைக்கும் பிள்ளைத்தாச்சியளுக்கும்தான் பெரிய டொக்டர் எழுதுறவர்."

கிடந்திருக்கிறது! அதற்காகக் கப்பலுக்கும் லொறிக்கும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. என் வாங்கிலிருந்து கூப்பிடு தூரத்தில் கிடந்திருக்கிறது.

பழைய டொக்டர் திரும்பி வந்ததும், எங்களுக்கு ஏன் அதை எழுதவில்லை என்று போய்க் கேட்டேன்.

"ஆருடைய ஈரல் மெதுவெண்டு முகத்தைப் பாத்துச் சொல்லேலாது, ரீச்சர்."

"அப்ப எல்லாருக்கும் குடுத்திருக்கலாமே?"

"யுத்த காலம். இருக்கிறதை யோசிச்சுத்தான் பாவிக்கோணும்."

கடையில் பாண் இல்லையென்றால் யுத்தம், மின்சாரம் இல்லையென்றால் யுத்தம். குனிந்து ஒரு நோயாளியின் காலைப் பார்க்காததற்குமா யுத்தம்? அதைத்தான் அவர் முகத்துக்கு நேரே கேட்டேன். அவர் எங்கள் பாடசாலை அதிபருக்கு முறைப்பாடு அனுப்பினார். "டொக்டரோட ஏன் பகை?" என்றார் அதிபர். "என்ர கால் எரிஞ்சது, அதான்," என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன்.

அதன்பின் அந்தப் பெண் டொக்டர் ஐசோனியசிட் எடுக்கும் எல்லோருக்கும் விற்றமின் எழுதினார். என் எரிச்சல் மெல்ல மெல்லத் தணிந்தது. கப்பல்துறைக்காரருக்கும் சுகமானது. ராத்தாவுக்கு அப்படி அமையவில்லை. சண்டை மூண்டு கிண்ணியாத் துறையில் படகு நின்றுவிட்டதால் அடுத்த தவணைக்கு அவரால் வர முடியவில்லை; விற்றமின் தீர்ந்த பிறகும் கையில் மிஞ்சியிருந்த ஐசோனியசிட்டை விழுங்கிக்கொண்டிருந்தாராம். மீண்டும் வந்தபோது எரிச்சல் இல்லை, உணர்வும் இல்லை. குசினியில் காலில் தணல் விழுந்ததைக் கருகல் மணத்தில்தான் அறிந்தாராம்.

"கருகி மணந்த பொறகுதான் பாத்தன் புள்ள, ஏண்ட காலு!" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டுப் போட்டிருந்த அந்தக் காலோடு அவர் சீலை மூட்டையைத் தூக்கிக்கொண்டு துறைப் பக்கம் நடந்தார். அவரிடம் ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை.