சீப்பம்மாவின் தலை

அந்தப் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் இருபத்திரண்டு தலைகள். அத்தனையும் ஆயா சீப்பம்மாவுக்கு அத்துப்படி. திங்கட்கிழமை காலை ஜன்னலோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, காதுக்குப் பின்னால் முடியைப் பிரித்ததுமே கண்டுபிடித்துவிடுவாள். ஊதினால் பறப்பது பொடுகு. நகத்தால் உருவியும் முடியை விடாமல் அடம்பிடித்தால் ஈர். பேனைத் தேடி அவள் மெனக்கெடுவதில்லை. அது ஓடி ஒளிகிற கில்லாடி, ஈர்தான் காட்டிக்கொடுக்கும் என்பாள்.

அவளையே திணறடித்தது மொட்டு என்கிற மூன்று வயசுக் குட்டி. இரண்டு மாதத்தில் மூன்று முறை ஈர். மொட்டுவின் அம்மா மருந்துக்கடையில் நாள் முழுக்க நிற்கிறவள். தலையணை உறையைக்கூட விடாமல் வெந்நீரில் துவைத்தவள். பொறுப்பாளர் கறாராகச் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவை வந்துச்சுன்னா பாப்பாவ அனுப்பாதீங்கம்மா." காப்பகம் இல்லையென்றால் அவளுக்குக் கடை வேலையும் இல்லை.

அடுத்த திங்களும் ஈர். சீப்பம்மா பொறுப்பாளரிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது. மத்தியானம் மொட்டு வழக்கம்போல அவள் கழுத்தில் தலையைப் புதைத்துத் தூங்கியது. வேறு எப்படிப் போட்டாலும் அதற்குத் தூக்கம் வராது. அப்போது சீப்பம்மாவின் காதோரம் நமநமவென்று அரித்தது. ரொம்ப நாளாக அரிக்கிறதுதான், வேர்வை என்று விட்டிருந்தாள். சொறியப் போன கை அப்படியே நின்றுவிட்டது.

வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. தனிக்கட்டை, அவள் தலையை யார் பார்க்கப்போகிறார்கள்? ஆனால் பிள்ளையைக் காப்பகத்திலிருந்து நிறுத்திவிடுவார்களே!

சாயங்காலம் மொட்டுவின் அம்மா வந்ததும், பொறுப்பாளர் பேசுவதற்குள் சீப்பம்மா முந்திக்கொண்டாள்.

"பாப்பாவுக்கு மறுபடி இருக்கு. ஆனா உங்க வீட்டுலேர்ந்து வரல. என் தலையப் பாருங்க." கொண்டையை அவிழ்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

அந்த அம்மா பார்த்தாள். முகம் சிவந்துபோனது; இரண்டு மாதமாகப் பட்ட அவமானம் சும்மாவா? "பாப்பாவுக்கு ஆசையா வளத்த முடிய வெட்டினேன். என்னா அழுகை அழுதா தெரியுமா?"



பொறுப்பாளர் பெருமூச்சு விட்டார். "பாப்பா வரட்டும். நீங்க ஒரு வாரம் லீவு போட்டுத் தலைய சரி பண்ணிட்டு வாங்க. வீட்டுல பாத்துவிட யாரு இருக்கா?"

"யாருமில்லங்க."

மொட்டுவின் அம்மா கைப்பையைக் கீழே வைத்துவிட்டுப் சீப்பம்மாவின் பேன்சீப்பையே எடுத்தாள். பிடரியில் தொடங்கி மெதுவாக வாரினாள். சீப்பம்மாவின் தோள் குலுங்கியது.

"வலிக்குதாக்கா?"

"இல்லம்மா. எங்கக்கா போனதுக்கப்புறம் இப்பதான் என் தலையில ஒரு கை படுது."