மேல் லயத்தில் விருந்தாளிகள்

முதலில் வந்தது சுண்ணாம்பு வாசனைதான்.

மராகேஷ் நகரத்தின் பழைய பகுதி. கழுதை வண்டியும் மோட்டார் சைக்கிளும் உரசிக்கொண்டு போகும் ஒரு சந்துக்குள், ஆணி பதித்த மரக்கதவைத் திறந்து எங்களை உள்ளே விட்டார்கள். கலியாணமாகி இருபது வருஷம் ஆகிறது என்று என் வீட்டுக்காரர் இணையத்தில் தேடிப் பிடித்த விடுதி அது. வெளியே பார்த்தால் வெறும் செம்மண் சுவர். உள்ளே போனால் நடு முற்றம், நீர்த்தொட்டி, ஆரஞ்சு மரங்கள், சுற்றிவர அறைகள். ஒரு பெண் வெள்ளிக் கூஜாவில் புதினாத் தேநீர் கொண்டுவந்து, தலைக்கு மேலே தூக்கி, சிந்தாமல் கண்ணாடிக் குவளையில் ஊற்றினாள். நான் அப்படி ஊற்றியிருந்தால் பாதி என் புடவையில் இருந்திருக்கும்.

சந்தோஷமாக இருந்திருக்க வேண்டிய நேரம். ஆனால் சுவரில் புதிதாகப் பூசிய சுண்ணாம்பின் வாசனை மூக்கில் ஏறியதும் நான் சுவர்களையே பார்க்கத் தொடங்கினேன். எதிர்ச் சுவரில் ஒரு மரத்தொட்டிலை அழகுக்காக மாட்டியிருந்தார்கள். பிள்ளை படுத்த தொட்டில். அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாமல், "இந்த வீட்டில் முன்பு யார் இருந்தார்கள்?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"நிறையக் குடும்பங்கள், மேடம். அறைக்கு ஒரு குடும்பம்" என்றாள். சொல்லிவிட்டு, முதலாளி இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அறைக்கு ஒரு குடும்பம். பாதித் தேநீரோடு குவளையைக் கீழே வைத்துவிட்டேன்.

"என்னாச்சி? சீனி கூடவா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஒன்னுமில்லைங்க" என்றேன். அவரிடம் முழுக்கச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் தோட்டம் இலங்கையில், கரவனெல்லைக்கு மேலே, ரப்பர் தோட்டம். மேல் லயம் என்பது ஒரே கூரையின் கீழ் பத்துக் காம்பரா. ஒவ்வொரு காம்பராவிலும் ஒரு குடும்பம். முன்னால் திண்ணை மாதிரி நீளமாக ஓர் இஸ்தோப்பு. மழை பெய்தால் பத்து வீட்டுப் பிள்ளைகளும் அதில்தான். ஒரு கோடியில் யாராவது வெங்காயம் வதக்கினால் மறுகோடியில் தும்முவார்கள். அழகான இடம் என்று சொல்ல வரவில்லை. கூரை ஒழுகும், மலசலகூடம் பத்து வீட்டுக்கும் சேர்த்து இரண்டு. அந்தக் காலத்தில் அதைக் கட்டிய வெள்ளைக்காரன் மாடு கட்ட நினைத்திருப்பான், பிறகு ஆள் வைத்திருப்பான். ஆனாலும் அது எங்கள் வீடு. நான் பிறந்தது அதில்தான், அப்பா இறந்ததும் அதில்தான். அடுப்படிக்குப் போகும் வழியில் சுவரைக் குடைந்து அப்பா ஒரு சாமி மாடம் செய்திருந்தார். மாரியம்மன் படமும் முருகன் படமும் ஒரு பித்தளை விளக்கும் அதில் இருக்கும். அம்மா விடியக்காலம் பால் வெட்டப் போகுமுன் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் கத்தியையும் வாளியையும் எடுப்பாள். பால் என்றால் ரப்பர் பால். அந்தப் புளித்த வாடை எங்கள் தலைமயிரில்கூட இருக்கும். பஜாருக்குப் போனால் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

சண்டை நிறுத்தி, சமாதானம் என்று பேசிக்கொண்டிருந்த காலம். ஒரு நாள் தோட்டத்து நிர்வாகி, பெரிய துரை, ஜீப்பில் வந்து லயத்துக்கு முன்னால் எல்லோரையும் கூப்பிட்டார். மலையில் வெடிப்பு விட்டிருக்கிறதாம், மண் சரியுமாம், உடனே இறங்க வேண்டுமாம். "ஆறு மாசத்துல உங்க எல்லாருக்கும் கல்லு வீடு" என்றார். மண் சரிவு என்றால் எங்கள் பக்கத்தில் யாரும் வாதாட மாட்டார்கள். மழைக்காலத்தில் எங்கோ ஒரு மலை இறங்கி ஆட்கள் போன செய்தி வருஷத்துக்கு ஒன்றாவது வரும். சாமான்களைத் தலையில் வைத்துக்கொண்டு, கீழே புகைக்கூடத்துக்குப் பக்கத்தில் தகரத்தால் அடித்து வைத்திருந்த கொட்டிலுக்கு வந்தோம். பகலில் தகரம் கொதிக்கும், ரப்பர் சீட்டுக் காயவைக்கும் புகை கண்ணைக் கரிக்கும். அம்மா சாமி படங்களை ஒரு பலகைப் பெட்டிமேல் வைத்தாள். "இது தற்காலிகம், பொறுத்துக்கிறுங்க" என்று மாரியம்மனிடமும் சொன்னாள்.

கொஞ்ச நாளில் மேல் லயத்துக்கு லொறி லொறியாகச் சீமெந்தும் சுண்ணாம்பும் போனது. சுவரைப் பலப்படுத்துகிறார்கள் என்று நினைத்தோம். எவ்வளவு நல்ல மனிதர்கள் நாங்கள்! இரண்டிரண்டு காம்பராவை ஒன்றாக உடைத்து ஐந்து அறை கட்டினார்கள். முன்னால் புல் போட்டார்கள். வெள்ளைக்காரர்கள் வந்து தங்கப் பாரம்பரிய விடுதியாம். எங்களுக்குச் சரியும் மண், விருந்தாளிகளுக்குச் சரியாதாம்.

விடுதியைப் பொறுப்பெடுத்தவர் பெரிய துரையின் மருமகன். நாங்கள் சின்னத்துரை என்போம். எனக்கு அப்போது இருபது வயது. மூன்று பாஷையும் பேசுவேன் என்று யாரோ சொல்லி என்னை வேலைக்குக் கூப்பிட்டார். போனேன். வீட்டில் இரண்டு பேருக்கு ஒரு சம்பளம், வேறு என்ன செய்வது? என் இங்கிலீஷைப் பற்றிக் கேட்காதீர்கள். வருகிற விருந்தாளியிடம் "வெல்கம் டு யுவர் ஹவுஸ்" என்று கைகூப்புவேன். உங்கள் வீட்டுக்கு நல்வரவு! சின்னத்துரை ஒரு தரம்கூட அதைத் திருத்தவில்லை.

அம்மா ஒவ்வொரு நாளும் கேட்பாள். "நம்ம சாமி மாடம் அப்பிடியே வச்சிருக்காங்களா?"

"செவரெல்லாம் மாத்திட்டாங்கம்மா" என்பேன். அதற்கு மேல் எனக்கு வாய் வராது.

விடுதியில் சமையல் குசுமா அக்காவுடையது. பக்கத்துச் சிங்களக் கிராமத்துக்காரி. சின்ன வயதிலிருந்தே லயத்துக்கு வந்து போய்ப் பழகியவள், என்னை நங்கி, தங்கச்சி என்பாள். சித்திரை வருஷத்துக்குக் கிரிபத் என்று பால்சோறு கொண்டுவருவாள், அம்மா வடை சுட்டுக் கொடுப்பாள். முதல் நாள் எங்கள் பழைய வாசலில் நின்று என்னைப் பார்த்தவள், "இது ராமாயி அக்கா வீடுதானே நங்கி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வெங்காயம் இல்லாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு சின்னத்துரைக்கு ஒரு யோசனை வந்தது. விருந்தாளிகள் படம் எடுக்க ஒரு தொழிலாளிப் பெண் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்குமாம். "உன் அம்மாவைக் கூட்டிட்டு வா" என்றார். எங்கிருந்தோ ஒரு தேயிலைக் கூடையும் வாங்கி வைத்திருந்தார். ரப்பர் தோட்டத்தில் தேயிலைக் கூடை! அம்மா பிறந்ததிலிருந்து கொழுந்து கிள்ளியதில்லை.

"இது எதுக்குடி? ரப்பர் மரத்துல ஏறிக் கொழுந்து எடுக்கவா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்போடுதான் கூடையின் கயிற்றை நெற்றியில் போட்டுக்கொண்டு, தன் பழைய வாசலுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

அன்று வந்திருந்தது ஒல்லாந்து நாட்டு வயதான புருஷன் பெண்சாதி. நல்ல மாதிரியான ஆட்கள், இதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். இஸ்தோப்பு என்று நான் சொன்னதும் அந்த மனிதர் துள்ளினார். அது தங்கள் பாஷைச் சொல்லாம், எப்போதோ கப்பலில் வந்தவர்கள் விட்டுப்போனதாம். சரி, அந்தச் சொல்லும் எங்களுடையது இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்த அம்மாள் என் அம்மாவின் கையைப் பிடித்தாள். "உள்ளே வாருங்கள். அந்தக் காலத்தில் இங்கே எப்படி இருந்தீர்கள் என்று காட்டுங்கள்" என்றாள்.

சின்னத்துரை "வேண்டாம், அவள் வெட்கப்படுவாள்" என்றார். அதற்குள் அம்மா உள்ளே போய்விட்டாள்.

போனவள் கட்டிலைப் பார்க்கவில்லை, கொசுவலையைப் பார்க்கவில்லை, சுவரில் அலங்காரமாகத் தொங்கிய பால் வெட்டுக் கத்தியையும் பார்க்கவில்லை. நேரே அடுப்படிப் பக்கம் நடந்தாள். அங்கே ஒரு கதவு இருந்தது. திறந்தாள். வெள்ளை ஓடு பதித்த அறை. மாடம் இருந்த சுவரை இடித்து, அந்த இடத்தில் கொமோட் வைத்திருந்தார்கள்.

கூடை அவள் முதுகில் இருந்தபடியே இருந்தது. ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க சாமி இருந்த எடத்துலயா கக்கூசு கட்டியிருக்கீங்க?" என்றாள். கத்தவில்லை. பக்கத்து வீட்டில் எதையோ விசாரிப்பது போலத்தான் கேட்டாள். எனக்கு அது இன்னும் காதில் இருக்கிறது.

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டாள் அந்த அம்மாள்.

சின்னத்துரை முந்திக்கொண்டார். "வீடு மிகவும் அழகாக இருக்கிறதாம். பழைய ஞாபகம் வந்து கண் கலங்குகிறதாம்" என்று இங்கிலீஷில் சொன்னார்.

"நோ, மேடம்" என்றேன். "எங்கள் தெய்வம் இருந்த இடத்தில் நீங்கள் மலம் கழிக்கிறீர்கள் என்று சொல்கிறாள். நான் இந்தச் சுவரோரம்தான் பிறந்தேன். மலை சரியும் என்று பொய் சொல்லி எங்களை இறக்கினார்கள். அதோ, கீழே புகை வருகிறதே, அங்கேதான் இருக்கிறோம்." என் வாழ்நாளில் அதைவிடச் சரியான இங்கிலீஷ் நான் பேசியதில்லை.

அந்த அம்மாள் அழுதாள். அவள் புருஷன் கமராவைக் கீழே வைத்தார். இருவரும் மன்னிப்புக் கேட்டார்கள். ஆனால் அன்று இரவு அந்த அறையில்தான் தூங்கினார்கள். அந்த அழுகைமேல் எனக்கு இன்றுவரை கோபம் தீரவில்லை. மராகேஷில் நீ என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். காசு கட்டியாகிவிட்டது என்று நாங்களும் தூங்கினோம். அதனால் கோபத்தில் கொஞ்சம் எனக்கும் எடுத்து வைத்திருக்கிறேன்.

எனக்கு வேலை போனது அப்போதே. "உன்னை மாதிரி ஆட்களுக்கு நல்லது செய்யக் கூடாது" என்றார் சின்னத்துரை. எந்த நல்லது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அம்மா கூடையைக் கழற்றி இஸ்தோப்பில் வைத்துவிட்டு என்னோடு இறங்கி வந்தாள்.

மறுநாள் மத்தியானம் பால் நிறுத்துக் கொடுத்ததும் பெண்கள் யாரும் கொட்டிலுக்கு வரவில்லை. வாளியும் கையுமாக மேலே ஏறினார்கள். யாரும் திட்டம் போட்டதாகத் தெரியவில்லை. அம்மா சொன்னது, விடியக்காலம் பேர் பதியும் பிரட்டுக் களத்தில் வாய்க்கு வாய் போயிருந்தது, அவ்வளவுதான். போய், ஒவ்வொருத்தியும் தன் தன் பழைய வாசலுக்கு முன்னால் உட்கார்ந்தாள். கதவு அடைத்துச் சுவராகிவிட்ட இடத்தில்கூட அடையாளம் தவறவில்லை. ரப்பர் பால் காய்ந்த சேலையோடு, பத்து வாசலிலும் உட்கார்ந்திருந்தார்கள். விருந்தாளிகள் காலையிலேயே போய்விட்டிருந்தார்கள்.

சின்னத்துரை பொலிசைக் கூப்பிட்டார். ஜீப்பில் வந்த சார்ஜன்ட், தமிழ் ஆட்கள் கூட்டம் என்றதும் அவர்களுக்குத் தெரிந்த ஒரே கேள்வியைக் கேட்டார். வெளியாள் யார்? வடக்கிலிருந்து வந்தது யார்? வெள்ளைக்காரரிடம் பேசிய பெண் எங்கே? அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் எழுந்து நின்றேன்.

"ஒங்களக் கூட்டியாந்தது யாரு?" என்று அம்மாவிடம் கேட்டார், அரைகுறைத் தமிழில்.

"யாரும் கூட்டியாரலைங்க. வீட்டுக்கு வந்தோம்" என்றாள் அம்மா.

என் கையைப் பிடித்து ஜீப்பில் ஏற்றப் பார்த்தபோது சமையலறைக்குள் இருந்து குசுமா அக்கா வந்தாள். கையில் கரண்டி. சிங்களத்தில் அவள் போட்ட சத்தம் ஆறு வரைக்கும் கேட்டிருக்கும். "இந்தப் பிள்ளை பிறந்த நாள் எனக்குத் தெரியும் மாத்தயா! இந்த வாசலில் நின்று நான் சோறு தின்றிருக்கிறேன். புலி தேடுகிறீர்களா? இங்கே புலி இல்லை, வீடு போன பொம்பளைகள்தான் இருக்கிறார்கள். கொண்டுபோவதானால் என்னையும் கொண்டுபோங்கள்."

சார்ஜன்ட் என் கையை விட்டார். அவளுக்கும் அன்றோடு வேலை போனது. பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, பிள்ளைகள் பசியில் அழுததால் பெண்கள் இறங்கினார்கள்.

நாங்கள் வென்றோமா? இல்லை. தொழிற்சங்கத்தார் வந்தார்கள், மாலை போட்டுக்கொண்டார்கள், கல் வீடு வரும் என்று மறுபடியும் சொல்லிப் போனார்கள். சண்டை திரும்பத் தொடங்கியதும் வெள்ளைக்காரர்கள் வருவது நின்றது. விடுதியைப் பூட்டினார்கள். பூட்டிய வீட்டைத்தானே திருப்பித் தந்திருக்கலாம்? தரவில்லை. ஐந்து அறை மேலே காலியாகக் கிடந்தது, பத்துக் குடும்பம் கீழே புகையில் இருமியது. எவரும் தங்காத அறைக்குக் காவல்காரன் போட்டார்கள். இதை நினைத்தால்தான் எனக்குப் பல்லைக் கடிக்க வரும்.

ஒவ்வொருவராகக் கிளம்பினோம். நான் கலியாணமாகி டோஹாவுக்கு வந்தேன். சில பெண்கள் கொழும்பில் வீட்டு வேலைக்குப் போனார்கள். குசுமா அக்கா வரக்காப்பொலையில் மகள் வீட்டோடு போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். அம்மா நெஞ்சு நோயோடு கொட்டிலிலேயே கிடந்தாள். என்னோடு வா என்றால், "கல்லு வீடு வாரப்ப நான் இல்லைன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவாங்கடி" என்பாள். யுத்தம் முடிந்த வருஷம் அந்தத் தகரத்துக்குக் கீழேயே போய்ச் சேர்ந்தாள்.

காரியம் முடிந்த மறுநாள் மேலே ஏறிப் போனேன். லயம் இல்லை. இஸ்தோப்பு இல்லை. ரப்பர் மரங்களையும் பிடுங்கியிருந்தார்கள். மண்ணை மட்டமாக்கி, முள் வைத்த எண்ணெய்ப் பனங்கன்றுகளை வரிசையாக நட்டிருந்தார்கள். எது யாருடைய வாசல் என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியவில்லை. பின்னால் மேட்டில் இருந்த பெரிய கல்லையும் மலை ஊற்றுத் தண்ணீர் பீலிக் குழாயில் விழும் இடத்தையும் வைத்து அளந்து பார்த்துக்கொண்டு நின்றேன். மலை அப்படியே இருந்தது.

ஒரு காவல்காரன் வந்தான். இளவயது, புது ஆள். யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று சிங்களத்தில் கேட்டான்.

"இங்கே இருந்தவர்களை" என்றேன்.

"இங்கேயா? இங்கே ஒருநாளும் ஆட்கள் இருந்ததில்லையே" என்றான். அவன்மேல் தப்பில்லை. அவனுக்கு அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

"தம்பி, நீ நிற்பது என் அம்மாவின் அடுப்படி. தள்ளி நில்" என்றேன்.

அவன் காலைப் பார்த்தான். பிறகு தள்ளி நின்றான்.