வீச்சு முதலில், தட்டு பிறகு

பிரான்சில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் மனோரஞ்சிதத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. அவள் சொல்லும் நன்றிதான் காரணம். கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு மெர்சி, தபால்காரருக்கு மெர்சி, டிக்கெட்டைத் துப்புகிற இயந்திரத்துக்கும் ஒரு மெர்சி. அதை மெல்லச் சொன்னாலாவது பரவாயில்லை. லா சப்பல் மேம்பாலத்தில் மெட்ரோ போகிற சத்தத்தையும் தாண்டிக் கேட்கிற குரல் அவளுக்கு. நானோ காலமெல்லாம் வரி அலுவலகத்தில் உட்கார்ந்து ரெத்ரெத் என்கிற ஓய்வு வாங்கியவள். தேவைக்கு மேல் யாருக்கும் நன்றி சொல்லிப் பழக்கமில்லை.

"மிஷினுக்கெல்லாம் எதுக்கும்மா மெர்சி?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"சொன்னா என்ன குறைஞ்சா போகுது, அக்கா?" என்றாள்.

நான் பாண்டிச்சேரிக்காரி. பெயர் ஜிஸ்லேன். அவள் கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து வந்தவள். குடிவந்த புதிதில் தபால்பெட்டியில் என் பெயரைப் பார்த்து வெள்ளைக்காரி என்று எண்ணிக்கொண்டு, மனப்பாடம் செய்த பிரெஞ்சு வணக்கத்தோடு என் கதவைத் தட்டினாள். திறந்த கதவுக்குப் பின்னால் என் கருத்த மூஞ்சியைப் பார்த்ததும் அவளுக்கு வந்த சிரிப்பு அடங்கவேயில்லை. நானும் சிரித்தேன். எனக்கு அவ்வளவு சீக்கிரம் யாரிடமும் சிரிப்பு வராது.

அவள் வேலை ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில். அங்கே கொத்துரொட்டி கொத்துகிற சத்தத்துக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை, அவள் அந்தக் கல்லுப் பக்கமே போனதில்லை. ரோல்ஸ் சுருட்டுவாள், பொரிப்பாள், தட்டில் அடுக்குவாள். அவள் கணவன் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலைக்கு இருட்டோடு எழுந்து போகிறவன். இருவருக்கும் ஒரே மகள், பெயர் ஆரெலி. அந்தப் பெயரும் ஒரு நன்றிதான். பிரசவத்தின்போது பாஷை புரியாமலே விடியும்வரை இவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்த தாதியின் பெயர் அது.

பிள்ளைக்கு இப்போது ஒன்பது வயது. அம்மா தமிழில் கேட்பாள், மகள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். அது இங்கே எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான். ஆனால் தெருவில் ஆரெலி அம்மாவுக்கு நாலடி முன்னால் நடப்பாள். பின்னால் மெர்சி சத்தம் கேட்கக் கேட்க அவள் நடை வேகமாகும். மனோரஞ்சிதம் அதைக் கவனிக்காதவள் மாதிரி வருவாள். கவனித்தாள் என்று எனக்குத் தெரியும்.

ஆரெலி பேட்டைப் பிள்ளைகளின் பாட்டுக் குழுவில் பாடுகிறாள். குழுவை நடத்துகிற ஒலிவியே ஒருநாள் பெரிய சேதி கொண்டுவந்தார். லூயிசியானாச் சதுப்பு நிலத்தில் ஒரு பெலிகன் குஞ்சு வீடு தேடிப் போகிற கார்ட்டூன் படம் ஒன்று அந்த வருஷம் பிள்ளைகளிடையே பிரபலமாகியிருந்தது. அதன் பாட்டுகளில் எல்லாம் அக்கார்டியன், பிடில், மார்பில் மாட்டிக்கொண்டு கரண்டியால் சுரண்டுகிற தகரம். அந்த இசையின் சாயலில், பிள்ளைகள் கூடவே பாடி ஆடுவதற்கென்று தனியாக ஓர் ஆல்பம் வரப்போகிறது, அதில் பாட இந்தக் குழுவைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். எனக்கும் குஷிதான். லூயிசியானாவும் எங்கள் பாண்டிச்சேரி மாதிரி பிரெஞ்சுக்காரன் வந்து, இருந்து, பாஷையை மட்டும் விட்டுவிட்டுப் போன ஊர்தானே!

ஒரு பாட்டுக்குக் கைதட்டல் வேண்டியிருந்தது. பிள்ளைகளின் கை சின்னது, சத்தம் போதாது. சனிக்கிழமை ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு பெரியவரைக் கூட்டி வாருங்கள் என்று ஒலிவியே சொல்லியிருந்தார்.

ஆரெலி என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். "அன்ரி, சனிக்கிழமை எனக்குப் பெரியவராக நீங்கள் வருவீர்களா?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"ஏன், உங்கம்மா இருக்காங்கல்ல?"

குழந்தை தரையைப் பார்த்தது. அம்மா எல்லாருக்கும் மெர்சி சொல்வாள், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், என்று முணுமுணுத்தது.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. விடிந்ததிலிருந்து எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கிறவளைப் பார்த்தா உனக்கு வெட்கம் என்று கேட்க வாய் திறந்தேன். அந்த முகத்தைப் பார்த்தபின் கேட்க முடியவில்லை. ஒன்பது வயதில் வெட்கம் என்பது வயிற்றுவலி மாதிரி. பாவம், அது வேண்டுமென்றா வரவழைத்துக்கொள்ளும்? "நான் வரேன்டா. ஆனா உங்கம்மாவும் வருவாங்க" என்று மட்டும் சொன்னேன். அவள் படியிறங்கிப் போய்விட்டாள்.

சாயங்காலம் மனோரஞ்சிதத்திடம் போய்ச் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"பிள்ளை உங்களைத்தான் கேட்டவளோ, அக்கா?"

"ரெண்டு பேரையும்தான்" என்றேன். வரி அலுவலகத்தில் பொய்யைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலையாக இருந்தது, சொல்வது அல்ல. அது என் முகத்திலேயே தெரிந்திருக்கும்.

"பரவாயில்லை" என்றாள். கை துடைத்த துணியை மடித்து வைத்தாள். பிறகு நிமிர்ந்தாள். "எனக்குப் பிரெஞ்சு வராது, சரி. கைதட்டவும் பிரெஞ்சு வேணுமோ? நான் வாறன்."

சனிக்கிழமை கடையில் தலைக்கு மேல் வேலை இருக்கும் நாள். எப்படிச் சமாளித்தாளோ, காலையில் தலைக்குக் குளித்து, நல்ல நீலச் சேலை கட்டி வந்து நின்றாள். ஆரெலி எங்களுக்கு முன்னால் நடந்தாள். ஒலிப்பதிவுக் கூடம் ஒரு நிலவறையில் இருந்தது. சுவரெல்லாம் பஞ்சு. கதவைத் திறந்தவருக்கு மெர்சி, கோட்டை வாங்கி மாட்டியவருக்கு மெர்சி, மைக்கைச் சரிசெய்த இளைஞனுக்கும் மெர்சி. ஆரெலி கூட்டத்தின் மறுகோடிக்குப் போய்விட்டாள்.

பாட்டு தொடங்கியது. நல்ல துள்ளல் நடை. எல்லாரும் தட்டினோம். ஒலிவியே கையைத் தூக்கி நிறுத்தினார். நாலு அடியில் இரண்டாவதிலும் நாலாவதிலும் தட்டவேண்டும், நாங்கள் எல்லாரும் மாதா கோவில் கூட்டம் மாதிரி முதலாவதிலும் மூன்றாவதிலும் தட்டுகிறோம் என்றார். மறுபடி தட்டினோம். வெள்ளைக்காரத் தகப்பன்மார் தொடக்கத்தில் சரியாக வந்து, பாதியில் பழைய இடத்துக்கே வழுக்கினார்கள். நானும்தான்.

அதோடு இன்னொரு விசித்திரம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவுக்காரர் காதைத் தேய்த்துக்கொண்டு, "யாரோ ஒருவர் பலமாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு நெடுநேரம் காணாமல் போகிறார், பிறகு இரண்டு தட்டோடு திரும்பி வருகிறார், யார் அது?" என்றார்.

நான் பக்கத்தில் பார்த்தேன். மனோரஞ்சிதம் கண்ணை மூடி, தொடையில் பக்தியோடு ஆதி தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு தட்டு, பிறகு சத்தமில்லாமல் மூன்று விரல் எண்ணிக்கை. பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. வீச்சு என்றால் உள்ளங்கையை மேலே திருப்பி ஓசையின்றி வைப்பது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் பழகியதாம். பாட்டு என்று காதில் விழுந்தால் அவள் கைக்கு வேறெதுவும் தெரியாது. எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை, ஆனாலும் சிரிப்புத்தான். அவளுக்கு என்ன தவறு என்றே புரியவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம், "நான் வெளியிலை நிக்கட்டோ, அக்கா?" என்றாள்.

என் பார்வை ஆரெலியிடம் போனது. காது மடல் சிவக்க நின்றிருந்தாள். என்னதான் செய்வாளோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மாதாவே, இந்தக் குழந்தை இப்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவள் நடந்து வந்தாள். எல்லாப் பிள்ளைகளையும் தாண்டி வந்து அம்மாவுக்கு எதிரே நின்றாள்.

"அம்மா, இஞ்சை பாருங்கோ" என்றாள், தமிழில், எல்லாருக்கும் கேட்க. "விரல் எண்ண வேண்டாம். தட்டு வீச்சு மட்டும். ஆனா மாத்தி. வீச்சு முதல், தட்டு பிறகு." புதன்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் அவளும் அதே தாளம் படிப்பவள்தானே.

உள்ளங்கை மேலே, பிறகு தட்டு. உள்ளங்கை மேலே, பிறகு தட்டு. ஒலிவியே நிமிர்ந்து உட்கார்ந்தார். முதல் அடியில் கைக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டால் அது அவசரப்பட்டுத் தட்டாது, இவ்வளவுதான் விஷயம்! எல்லாரையும் அப்படியே செய்யச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அந்த நிலவறையில் இருந்த ஆண்களும் பெண்களும் தொடையில் கையைத் திருப்பித் திருப்பித் தட்டினார்கள். ஆரெலி முன்னால் நின்று காட்டிக்கொடுத்தாள். பாட்டு சரியான இடத்தில் வந்து உட்கார்ந்தது.

கடைசிப் பதிவுக்கு முன் ஒலிவியே எச்சரித்தார். கடைசித் தட்டுக்குப் பிறகு யாரும் மூச்சுக்கூட விடக்கூடாது, அந்த ஓசை தானாக அடங்கவேண்டும். அப்படியே அக்கார்டியன் இழுத்து நின்றது, கடைசித் தட்டு விழுந்தது. ஒருவரும் அசையவில்லை. அந்த அமைதியில் ஆரெலி வாயைக் கட்டமுடியாமல் சொன்னாள்:

"அம்மா, நீங்கள் சரியாத் தட்டினீங்கள்!"

சொல்லிவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒலிவியே என்னிடம் வந்து என்ன சொன்னாள் என்று கேட்டார். மொழிபெயர்த்தேன். பாதியில் என் குரல் உடைந்தது, இரண்டாம் முறை சொல்லவேண்டியிருந்தது. அவர் காதுப்பொறியை மாட்டி அதை மறுபடி கேட்டார். பிறகு, "இதை வெட்டப் போவதில்லை" என்றார். அவர் கையைப் பிடித்து நான் சொன்ன நன்றியை அந்தக் கூடமே கேட்டது.

மழைக்காலம் தொடங்கும்போது ஆல்பம் வந்தது. படங்களோடு ஒரு புத்தகம், உள்ளே ஒரு வட்டு. மனோரஞ்சிதம் வீட்டில் வட்டுப் போடுகிற கருவி இல்லை. வேலை முடிந்து நேரே என் வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். நான் அந்தப் பாட்டைப் போட்டேன். அக்கார்டியன் நின்றது, தட்டு விழுந்தது, பிறகு அந்தக் குரல்.

"இது எங்கையெல்லாம் கேக்கும், அக்கா?"

"பிரான்சு முழுக்க. பசங்க இருக்கிற எல்லா வீட்லயும்."

அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"அக்கா," என்றாள், "அதை இன்னொருக்காப் போடுங்கோ."