ஸ்ட்ராங்கா ஒண்ணு குடு பையா!

போன வாரம் ஜனக்புரியிலிருந்து ஏர்போர்ட்டுக்கு ஆப்பில் டாக்ஸி பிடித்தேன். டிரைவர் செல்வம், விழுப்புரம் பக்கம். டெல்லியில் தமிழ் பேசும் டிரைவரா! எனக்குக் குஷி தாங்கவில்லை.

குஷி இரண்டு சிக்னல் வரைதான்.

ஸ்டியரிங்கில் ஒரு கைதான் இருந்தது. இன்னொரு கை சொறிந்துகொண்டே இருந்தது. கழுத்து, முழங்கை எல்லாம் தடிதடியாகச் சிவந்திருந்தது. காணாக்கடி! எனக்கும் வருஷக்கணக்காக உண்டு என்பதால் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"மாத்திரை ஏதாவது போட்டீங்களா தம்பி?"

"வர்றதுக்கு முன்னாடிதான் போட்டேன்க்கா. மெடிக்கல்ல, 'ஸ்ட்ராங்கா ஒண்ணு குடு பையா'ன்னு கேட்டு வாங்கினேன். போன தடவை குடுத்ததுல தூக்கமே வரலை. தூக்கம் வந்தாத்தானே மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்?"

அடுத்த சிக்னலில் மருந்து பிரமாதமாக வேலை செய்தது. பச்சை விழுந்தது... செல்வத்தின் கண்கள் மூடியிருந்தன. பின்னாலிருந்த வண்டிகள் ஹார்ன் அடித்துத்தான் எழுப்பின.

அவர் தோளைத் தட்டினேன். "ஓரமா நிறுத்துங்க. நான் வேற வண்டி பிடிச்சுக்கறேன்."

"கேன்சல் மட்டும் பண்ணாதீங்கக்கா. ஏற்கெனவே என் மேல கம்ப்ளெயின்ட் இருக்கு. இன்னொண்ணு வந்தா கம்பெனில என் ஐடியைத் தூக்கிடுவாங்க... பொழப்பே போயிடும்."

என்ன செய்ய? அவரைப் பின்சீட்டில் படுக்க வைத்துவிட்டு, நானே ஓட்டினேன்.

நமக்கு மருந்து என்றால் கசக்க வேண்டும், ஊசி என்றால் வலிக்க வேண்டும், அரிப்பு மாத்திரை என்றால் ஆளையே சாய்க்க வேண்டும் — அப்போதுதான் திருப்தி! பழைய வகை மாத்திரைகள் அரிப்போடு ஆளையும் சேர்த்து அடக்கிவிடும். புதிய வகைகளில் தூக்கம் குறைவு. அரிப்பை அடக்குவதில் அவை ஒன்றும் சளைத்தவை அல்ல. அவற்றிலும் சில, சிலருக்குக் கண்ணைச் சொக்கவைக்கும். ஆகவே, 'எது ஸ்ட்ராங்?' என்று கடையில் கேட்காதீர்கள். 'நான் வண்டி ஓட்டுகிறவன், எனக்கு எது சரி?' என்று டாக்டரிடம் கேளுங்கள். உதடோ தொண்டையோ வீங்கினால் மாத்திரை ஆராய்ச்சியே வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிதான்.

ஏர்போர்ட் பார்க்கிங்கில் எழுப்பினேன். "தூக்கம் நல்லாத் தெளியற வரைக்கும் சாவியைத் தொடக்கூடாது. அப்புறம் நேரா டாக்டர்கிட்ட போங்க. சரியா?"

"அச்சாக்கா" என்றவர், ட்ரிப்பை முடித்துவிட்டு மறுபடி படுத்துவிட்டார்.

உடனே என் போன் கேட்டது: 'உங்கள் டிரைவர் எப்படி ஓட்டினார்?'

ஐந்து நட்சத்திரம் போட்டேன். சத்தியமாகப் பொய் இல்லை — ரொம்ப நன்றாகத்தான் ஓட்டினேன்!