வேட்டி பெல்ட்டுக்கு ஓரம்

போன வாரம் என் புது வேட்டி ஒன்று வீணாகிப் போயிற்று. இடுப்பைச் சுற்றி, ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல இரண்டு காபிப்பொடி நிறக் கோடுகள். என் மனைவி அதை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டாள்: "வேட்டிக்கு பார்டர் கீழதானே வரும்?"

கோபப்படாதே, நல்ல காரியத்துக்காகப் போன வேட்டி அது என்றேன். என்ன காரியம் என்கிறீர்களா?

நாங்கள் இருப்பது இருங்காட்டுக்கோட்டையில், ஒரு வாடகை வீட்டின் கீழ்ப் போர்ஷன். மாடியில் வெங்கடேசன், ஜென்சி என்று ஒரு இளம் தம்பதி. வெங்கடேசன் பிள்ளைப்பாக்கத்துக்காரன், ஒரு தொழிற்சாலையில் பெயின்ட் ஷாப் வேலை. ஜென்சிக்குத் தூத்துக்குடிப் பக்கம். சீட் கவர் தைக்கும் லைனுக்கு வந்தவள், கம்பெனி பஸ்ஸில் வெங்கடேசனைப் பார்த்தாள்... மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் வேலையை விட்டுவிட்டாள். இப்போது வீட்டிலேயே தோலில் பர்ஸ், ஐடி கார்டு உறை என்று கையால் தைத்து விற்கிறாள். இந்தப் பக்கத்தில் கழுத்தில் ஐடி கார்டு தொங்காத ஆள் உண்டா? வியாபாரம் நன்றாகவே நடக்கிறது.

நடக்காதது ஒன்றுதான். வெங்கடேசனின் அப்பா கோவிந்தன், கல்யாணம் ஆனதிலிருந்து மகன் வீட்டுப் படியை மிதிக்கவில்லை. கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு எட்டிக்கூடப் பார்க்காத கோபம். அம்மா மட்டும் அவ்வப்போது கீரைக்கட்டோடு வந்து போவார்.

அந்த அம்மாதான் ஒருநாள் செய்தி கொண்டுவந்தார். கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகனைப் பார்க்கப் போகிறோம், திரும்பும்போது அவரை எப்படியாவது இந்த வழியாகக் கூட்டி வந்துவிடுகிறேன் என்றார். வல்லக்கோட்டையிலிருந்து பிள்ளைப்பாக்கம் போக இருங்காட்டுக்கோட்டை வழியே இல்லை. அது அந்த அம்மாவுக்கும் தெரியும், கோவிந்தனுக்கும் தெரியும்.

"மாமா மொத மொத வாராவ. வெறுங்கையோட நிக்க முடியுமா சார்? ஒரு வேட்டி பெல்ட்டு செஞ்சி வைக்கப் போறேன்," என்றாள் ஜென்சி.

வேட்டி பெல்ட் தெரியும்தானே? அகலமாக, செல்போனும் வெற்றிலையும் வைக்கப் பைகளோடு இருக்குமே, அதுதான். கோவிந்தன் பல வருஷமாகக் கட்டிக்கொண்டிருக்கும் பெல்ட், ஓரமெல்லாம் வாய் பிளந்து நூல் தொங்குகிறதாம். அதுவும் அந்த அம்மா சொன்ன துப்புதான்.

தைப்பது ஜென்சிக்குப் பெரிய விஷயமில்லை. மரப்பட்டை போட்டுப் பதப்படுத்திய கெட்டித் தோல், இரண்டு அடுக்கு, நடுவில் பசை, சுற்றிலும் மெழுகு நூல் தையல். வம்பு வந்ததெல்லாம் ஓரத்தில்தான். வெட்டிய இடத்தில் தோல் நார் நாராக நிற்கும், ஒட்டிய கோடும் பல்லிளிக்கும். அதை எப்படி முடிப்பது?

"எட்ஜ் பெயின்ட் அடிச்சா கண்ணாடி மாரி நிக்கும் சார். பெயின்ட் ஷாப்ல இருந்துகினு எனக்கு இதுகூடத் தெரியாதா?" என்றான் வெங்கடேசன்.

தெரிந்ததுதான் வினை. பிரைமர், ஒரு கோட், தேய்ப்பு, மறுபடி கோட், மறுபடி தேய்ப்பு... காருக்குச் செய்வதையெல்லாம் பெல்ட்டுக்கும் செய்தான். பெயின்ட் ஷாப்பில் ஓவன் உண்டு, வீட்டில் ஏது? ஹேர் டிரையரைப் பிடித்தான். கடைசியில் வந்தது பாருங்கள் ஒரு ஓரம் — அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம்.

ஜென்சி அதை வாங்கி ஒருமுறை வளைத்தாள். மொறுக்கென்றது. ஓரம் நெடுக விரிசல்.

"கார் கதவு வளையாது. பெல்ட்டு வளையணும்லா?" என்றாள். வெங்கடேசன் இறங்கி வந்து என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து கொண்டான்.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஐடி கார்டு உறைகளுக்கு அவளும் எட்ஜ் பெயின்ட்தான் போடுகிறாள். அந்த மெத்தென்ற தோலை எவ்வளவு தேய்த்தாலும் பளபளக்காது, மெல்லிசாகப் பூசித்தான் மூட வேண்டும். தோலைப் பார்த்துத்தான் ஓரம் என்பாள்.

அடுத்து அவள் முறை. புதிதாக ஒரு பெல்ட் தைத்தாள். ஓரத்தின் கூர்மையைச் சீவி, உப்புத்தாள் போட்டு, கரும்பழுப்புச் சாயம் தடவி, தண்ணீர் தொட்டு மரக்கட்டையால் தேய் தேய் என்று தேய்த்தாள். அருமையாக வந்தது. அப்போதுதான் அவள் பார்வை என் இடுப்பின் மேல் விழுந்தது.

"சாரும் மாமாவும் ஒரே சைஸுன்னு அத்தை சொன்னாவ. இதக் கட்டிட்டு ஒரு நடை நடந்துட்டு வாரியளா?"

என் தொப்பையால் ஊருக்கு ஒரு உபயோகம் வரும் என்று யார் கண்டது? புது வேட்டி, புது பெல்ட்... ஹைவே வரைக்கும் வெயிலில் மிடுக்காக நடந்துவிட்டு வந்தேன். வியர்வை சும்மா இருக்குமா? அதன் பலன்தான் மேலே சொன்ன இரண்டு கோடுகள்.

வேட்டியைப் பார்த்ததும் ஜென்சியின் முகம் செத்துப் போயிற்று. "கோயிலுக்குப் போயிட்டு வெள்ள வேட்டியோட வருவாவ சார். இது மட்டும் அவிய வேட்டில பட்டிருந்துச்சின்னா..." கண் நிறைந்துவிட்டது.

எனக்கு வேட்டி போன வருத்தமெல்லாம் போன இடம் தெரியவில்லை. ஒரு மனிதர் வீட்டுக்குள் வந்து உட்கார வேண்டும் என்பதற்காக ஒரு பெண் இத்தனை பாடுபட வேண்டுமா என்று கோபம்தான் வந்தது. யார்மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை.

வேட்டியும் கையுமாக நின்ற என் மனைவிதான் முதலில் பேசினாள். "சாயம் எதுக்கும்மா? தோல் கலரே நல்லாத்தானே இருக்கு?"

"வெட்டுன எடம் தெரியுமேக்கா."

"தெரியட்டுமே. வெட்டித்தானே தைச்சே?"

மூன்றாவது பெல்ட் அப்படித்தான் உருவானது. பெயின்ட் இல்லை, சாயமும் இல்லை. பிசின் தடவி, கட்டையாலும் கேன்வாஸ் துணியாலும் மாற்றி மாற்றித் தேய்ப்பு. தேய்க்கிற வேகத்தில் சூடேறினால்தான் நார் படியுமாம். கடைசியில் கொஞ்சம் தேன்மெழுகு. தேய்க்கும் வேலையை வெங்கடேசன் எடுத்துக்கொண்டான். ஷிஃப்ட் முடிந்து வந்தவன் தேய்க்க, அவள் பிசின் தொட்டுக் கொடுக்க, இரண்டு அடுக்கும் கோடு தெரியாமல் ஒன்றாகிக்கொண்டு வந்தது. அந்த இடத்தில் ஒரு தத்துவம் சொல்ல எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

இந்த முறை சோதனைக்குப் பழைய வேட்டிதான் கிடைத்தது. மறுபடி வெயில், மறுபடி வியர்வை — ஒரு பொட்டு இல்லை.

யோசித்துப் பாருங்கள், நாம் எதை நடுவில் பார்க்கிறோம்? தோசையைத் தட்டில் போட்டதும் கை முறுகலான ஓரத்துக்குத்தான் போகிறது. புடவை எடுத்தால் கரையைத்தான் முதலில் பிரிக்கச் சொல்கிறோம். சொந்தபந்தமும் அப்படித்தானோ? நடுவில் கிழிவது அபூர்வம். ஓரத்தில்தான் முதலில் பிரிகிறது... பார்த்தீர்களா, அடக்கிய தத்துவம் வெளியே வந்துவிட்டது.

கிருத்திகையும் வந்தது. துணைக்கு இருங்கள் என்று எங்களையும் மாடிக்கு அழைத்திருந்தார்கள். நெற்றி நிறைய விபூதியோடு, மனைவியின் பின்னால் கோவிந்தன் வந்தார். வாசலில் கொஞ்சம் தயங்கினார். பிறகு, வெயிலுக்கு ஒதுங்குகிறவர்போல உள்ளே வந்து உட்கார்ந்தார். ஜென்சி கொடுத்த மோரைக் குடித்தார்.

அவள் தட்டில் வெற்றிலை பாக்கோடு பெல்ட்டை வைத்து நீட்டினாள். வெங்கடேசன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர் பெல்ட்டை எடுத்தார். கட்டைவிரலால் ஓரத்தைத் தடவினார். வளைத்தார். மறுபடி தடவினார்.

"ஓரம் அறுக்காது போலகீது," என்றார். சொன்னது தன் மனைவியிடம்.

அப்புறம் எழுந்து, சுவர்ப் பக்கம் திரும்பி, பழைய பெல்ட்டை அவிழ்த்தார். செல்போன், வெற்றிலைப் பொட்டலம் எல்லாம் புதுசுக்குக் குடிமாறின. கட்டிக்கொண்டு திரும்பினார். ஜென்சியின் கண் அந்த வெள்ளை வேட்டியை விட்டு அகலவே இல்லை.

அவிழ்த்த பழைய பெல்ட்டை அவர் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் புரட்டினார். பிறகு நேராக ஜென்சியிடம் நீட்டினார்.

"ஏம்மா, இத்தயும் கொஞ்சம் ஓரம் சரி பண்ணி வையி. அவசரமில்ல. அடுத்த கிருத்திகைக்கு வரும்போது வாங்கிக்கிறேன்."

"சரி மாமா," என்றாள். அந்தப் பழைய பெல்ட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

புது பெல்ட் இருக்கும்போது இவருக்குப் பழைய பெல்ட் எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன்... என் மனைவி சரியான நேரத்தில் என் காலை மிதித்தாள்.