மாமனைக் கட்டியவளுக்கு விசா

என் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவது கல்யாணத்துக்குப் பிறகு வந்த பழக்கம் இல்லை. பேச்சு வந்த நாளிலிருந்தே அவர் எனக்கு மாமாதான், அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. அவர் தவழும் வயதில் தாயைப் பறிகொடுத்தவர். அம்மாதான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். கல்யாணமாகிச் செஞ்சிக்கு வந்தபோது சீர்வரிசைப் பாத்திரங்களோடு தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினாளாம். என் அப்பா, நாங்கள் நைனா என்போம், நல்ல மனிதர், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது நைனா இறந்துபோனார். மாமா பட்டப்படிப்பு முடித்து உள்ளூர் உயர்நிலைப் பள்ளியிலேயே விஞ்ஞான வாத்தியாராகச் சேர்ந்தார். எனக்கு மாப்பிள்ளை பார்ப்பது என்ற பேச்சே வீட்டில் எழவில்லை. உரிமையுள்ள மாமன் கண்ணெதிரே சைக்கிள் துடைத்துக்கொண்டிருக்கும்போது ஊர் ஊராக எதற்கு அலைய வேண்டும்? எனக்கும் அவரைப் பிடித்துத்தான் இருந்தது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையைக் கேட்கும் இன்றைய பிள்ளைகள் முகத்தைச் சுளிக்கிறார்கள்.

எங்கள் கல்யாணம் முடிந்த பிறகு, அறுபதுகளின் நடுவில், இங்கிலாந்தில் வாத்தியார்களுக்குத் தட்டுப்பாடு என்று ஒரு பேச்சு வந்தது. மாமா என்னிடமும் அம்மாவிடமும் மூச்சு விடாமல் எழுதிப் போட்டார். வேலைக்கான அனுமதியும் வந்துவிட்டது. அவர் முதலில் பம்பாய் போய்க் கப்பல் ஏறினார். மனைவி என்ற முறையில் நான் பின்னால் போவதாக ஏற்பாடு. “உனக்கு வர மனசில்லை என்றால் சொல்லிவிடு. நான் திரும்பி வந்துவிடுகிறேன், நீ இல்லாமல் இங்கே இருக்க மாட்டேன்” என்று அங்கிருந்து எழுதினார். அதை அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். அவள் கேட்டுக்கொண்டே புளி கரைத்தாள்.

ஆக, முடிவு என் தலையில் விழுந்தது. ஒரு நாள் போகத் துடிப்பேன். கோட்டையையும் அதைப் பார்க்க வருகிறவர்களையும் இன்னும் எத்தனை வருஷம் பார்த்துக்கொண்டிருப்பது என்று தோன்றும். மறுநாள் அம்மா தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதை நினைத்துப் போகவே வேண்டாம் என்பேன். அவளைக் கேட்டால் “உன் இஷ்டம்” என்பாள். அந்த “உன் இஷ்டம்” எனக்கு எரிச்சலைக் கிளப்பும். திட்டினாலாவது பதிலுக்குச் சண்டை போடலாம்.

அம்மா வாயைத் திறக்காத குறையை ஊர் தீர்த்து வைத்தது. குளிரில் காது உதிர்ந்துவிடும் என்றார்கள். நாங்கள் சாமான் வாங்கும் கடைக்காரர் மேல்சித்தாமூர் பக்கத்து ஜைனர், பொழுது சாய்ந்த பிறகு வாயில் எதுவும் வைக்காதவர். அவருக்கு வேறு கவலை. “அங்க குளிர் காலத்துல நாலு மணிக்கே இருட்டிடுமாம், வெயில் காலத்துல ராத்திரி ஒம்போது மணிக்கும் வெளிச்சமாம். எங்காளு ஒருத்தன் அங்க போனா எப்பம்மா சாப்புடுவான்?” என்று கேட்டார். என் பயணத்தைவிட அது அவரை நிஜமாகவே வாட்டியது.

பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்க வந்த போலீஸ்காரர் காபி குடித்துவிட்டு நல்லபடியாகவே எழுதிக்கொண்டு போனார். அடுத்தது மெட்ராஸில் இங்கிலாந்துக்காரர்களின் அலுவலகம். அவர்கள் கொடுக்கும் அனுமதிக்கு வேறு ஏதோ பெயர், நாங்கள் விசா என்றே சொன்னோம். பொய்யாக மனைவி என்று சொல்லிக்கொண்டு போகிறவர்கள் உண்டாம், அதனால் துருவித் துருவிக் கேட்பார்கள் என்று யாரோ பயமுறுத்தியிருந்தார்கள். அம்மாவும் நானும் கூடிப் பேசினோம். நாங்கள் எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்று காட்டிவிட்டால் யார் சந்தேகப்பட முடியும்? திண்டிவனத்து ஸ்டுடியோவில் எடுத்த பழைய போட்டோ ஒன்றை அம்மா புடவைக்கு நடுவில் வைத்து எடுத்து வந்தாள். அதில் மாமா அரைக்கால் சட்டையோடு நிற்கிறார், நான் அவர் இடுப்பில் மூக்கு ஒழுக உட்கார்ந்திருக்கிறேன்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இளம் வயது வெள்ளைக்காரர், பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ்க் குமாஸ்தா. கல்யாணத்துக்கு முன் கணவரை எவ்வளவு காலமாகத் தெரியும் என்பது கேள்வி.

“பொறந்ததுலேர்ந்து தெரியும்,” என்றேன். “எங்கம்மாவோட தம்பி. என்னைத் தூக்கி வளத்தவரு.”

குமாஸ்தா அதை மொழிபெயர்க்கவில்லை. என்னையே பார்த்தார். பிறகு மெதுவாக, “தூரத்து மாமாவா இருக்கும், இல்லீங்களாம்மா?” என்றார்.

பாவம், அந்த மனிதர் நான் தப்பிக்க ஒரு கயிறு போட்டிருக்கிறார். எனக்குச் சுரீர் என்று கோபம் வந்துவிட்டது. “தூரத்து மாமா இல்லீங்க. ஒரே வயித்துல பொறந்தவங்க,” என்றேன். அம்மா பலமாகத் தலையாட்டிவிட்டுப் போட்டோவை மேஜை மேல் தள்ளினாள். குமாஸ்தா பெருமூச்சு விட்டு, இங்கிலீஷில் சொன்னார்.

வெள்ளைக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். மரியாதையாகத்தான் பேசினார், அதைச் சொல்ல வேண்டும். அவர்கள் நாட்டில் மாமனும் அக்கா மகளும் செய்துகொள்ளும் கல்யாணம் சட்டப்படி செல்லாதாம். எங்கள் ஜனங்களில் இது வழக்கம்தான், கல்யாணம் முறைப்படி நடந்தது என்று பெண் வீட்டுப் பெரியவர் ஒருவரும் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவரும் மாஜிஸ்திரேட் முன்னால் சத்தியம் செய்து எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அது வந்த பிறகு யோசிப்பார்களாம். எதை எங்கள் பலம் என்று தூக்கிக்கொண்டு போனோமோ, அதுவே குறுக்கே படுத்துவிட்டது.

எழும்பூரில் ரயில் ஏறினோம். செங்கல்பட்டு தாண்டிய பிறகு அம்மா கேட்டாள்: “செல்லாதுன்னா? நீ அவனுக்குப் பொண்டாட்டி இல்லன்னு அர்த்தமா?”

“அவங்க ஊர்ல பண்ணியிருந்தா அப்படித்தானாம்.”

“உங்க ரெண்டு பேருக்கும் நான் அசிங்கத்த தேடி வச்சிட்டனா?”

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த அலுவலகத்தையே கொளுத்திவிடலாம் போல ஆத்திரமாக வந்தது. அம்மா தன் வாழ்க்கையில் சரியாகச் செய்ததாக நினைத்தது அந்த ஒரு கல்யாணத்தைத்தான்.

ஊருக்கு வந்த பிறகு அவள் மாஜிஸ்திரேட் இருக்கும் தாலுக்கா ஆபீஸ் பக்கமே போகவில்லை. நாளைக்கு என்பாள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் வேலை முடியட்டும் என்பாள். பிடுங்கி, காய்ந்து, மூட்டையும் கட்டியாயிற்று, அப்போதும் நாளைக்குத்தான். எனக்கு மெல்லப் புரிந்தது. அவள் எழுதிக் கொடுக்காவிட்டால் விசா இல்லை. விசா இல்லையென்றால் மாமா திரும்பி வந்துவிடுவார். வளர்த்த பிள்ளையும் பெற்ற பிள்ளையும் வீட்டில் இருப்பார்கள். அதற்கு அவள் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை, சும்மா இருந்தால் போதும். புரிந்த பிறகு அவள் மேல் கோபப்படவும் முடியவில்லை.

ஒரு மத்தியானம் சோறு போடும்போது அவளே ஆரம்பித்தாள். “உன்ன வெளில குடுத்தா கண்ணால பாக்க முடியாதுன்னுதான் அவனுக்குக் குடுத்தன். இப்ப ரெண்டு பேரையும் சேத்து அனுப்பணுமாம்.”

“அப்ப நான் போவல, வுடு.”

“போவாதன்னு நான் சொன்னனா?”

மறுநாள் காலையில் பார்த்தால் அம்மா வெளியே போகிற புடவையைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். “வா, தாலுக்கா ஆபீஸ் போலாம்,” என்றாள். வழியில், நான் கேட்காமலே சொன்னாள்: “நான் பண்ணி வச்ச கல்யாணம் செல்லாதுன்னு ஒருத்தன் சொல்றான். நான் வாய மூடிக்கினு இருந்தா ஒத்துக்கினா மாதிரி ஆயிடும்.”

அங்கே குமாஸ்தா காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, “மாப்ள வூட்டுப் பெரியவங்க யாரு?” என்றார்.

“நான்தான்,” என்றாள் அம்மா.

“பொண்ணு வூட்ல?”

“அதுவும் நான்தான்.”

“இன்னாம்மா, வெளையாட்றியா?”

“அவனுக்கு அக்கா, இவளுக்கு அம்மா. ரெண்டு பக்கமும் வேற நாதி இல்ல. வேணும்னா ரெண்டு தடவ சத்தியம் பண்றன்.”

அவர் தலையைச் சொறிந்துகொண்டு இரண்டு காகிதம் எழுதினார். அம்மா எழுத்துக் கூட்டி இரண்டிலும் கையெழுத்துப் போட்டாள். மாஜிஸ்திரேட் படித்துப் பார்த்தார். அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. “எங்க வீட்லயும் அக்கா மகள்தாம்மா,” என்று சொல்லிவிட்டு முத்திரை வைக்கச் சொன்னார். ரயிலில் வாடிய அம்மாவின் முகம் அன்றைக்குத்தான் தெளிந்தது.

விசா கிடைத்துவிட்டது. மாமா டிக்கெட்டுக்கு ஏற்பாடு செய்தார். தெருவே வந்து விசாரித்துவிட்டுப் போனது. எனக்குத்தான் கை கால் ஓடவில்லை. அதுவரை காகிதம் வரவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன், இனி அந்தச் சாக்கும் இல்லை. கிளம்ப வேண்டிய நாள் நெருங்கியும் டிரங்குப் பெட்டி காலியாகவே கிடந்தது. கடைசியில் அம்மாதான் உட்கார்ந்து என் புடவைகளை ஒவ்வொன்றாக மடித்து அதில் வைக்க ஆரம்பித்தாள்.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “எனக்கு உன்ன வுட்டுட்டுப் போவ மனசு வரலம்மா. நீ இருன்னு ஒரு வார்த்தை சொல்லு, இருந்துடறன்.”

அம்மா மடிப்பதை நிறுத்தவில்லை. “என் தம்பி அங்க தனியா கெடக்கறான்,” என்றாள். “நாத்தனாரா சொல்றன், கெளம்பு.”

“அம்மாவா இன்னா சொல்ற?”

அவள் புடவையின் ஓரத்தைத் திரும்பத் திரும்ப நீவிக்கொண்டிருந்தாள்.

“அம்மாவக் கேக்காத,” என்றாள்.